பித்தப்பைக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு?



தை மாதம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் அத்தைக்குச் சில மாதங்களாகவே வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி. சாப்பிட்ட சிறிது நேரத்தில் அது முதுகு வரை பாய்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "பித்தப்பையில் கல் இருக்கிறது; பையையே எடுத்துவிட வேண்டும்" என்கிறார். அறுவை நல்லபடியாக முடிகிறது. மறுநாள் நீங்கள் மருத்துவமனைக்குப் போகிறீர்கள். அத்தை மல்லாந்து, அசையாமல் படுத்திருக்கிறார். தொண்டையில் சளி கட்டியிருக்கிறது, இருமல் வருகிறது. உடனே சுற்றி நிற்கும் உறவினர், "இருமாதீங்க அத்தாச்சி! தையல் விட்டுடும்! அசையாமப் படுங்க!" என்கிறார்கள். அத்தையும் இருமலை அடக்கிக்கொள்கிறார்.

இந்தக் காட்சியில் அன்பு இருக்கிறது; அறிவியல் இல்லை. அத்தைக்கு அப்போது வரக்கூடிய ஆபத்து தையலில் இருப்பதைவிட நுரையீரலில்தான் அதிகம். வயிற்றில் அறுவை செய்தால் நுரையீரலுக்கு ஏன் ஆபத்து வரவேண்டும்? அதைத் தெரிந்துகொண்டால், இன்று பெரிதும் பேசப்படும் நுண்துளை அறுவையின் உண்மையான பயன் எது என்பதும் விளங்கும்.

கூரைக்கு மேலே நுரையீரல்

பித்தப்பை ஒரு சிறிய பேரிக்காய் போன்ற உறுப்பு. கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, கொழுப்புள்ள உணவு குடலுக்கு வரும்போது பிழிந்து அனுப்புவதே அதன் வேலை. பித்தநீரின் பொருள்கள் உறைந்து திரண்டால் கற்கள் உண்டாகின்றன. வடஇந்தியாவில் கொலஸ்டிரால் கற்கள் மிகுதி. நம் பக்கத்தில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாகக் காணப்படுகின்றன. எந்தக் கல்லாக இருந்தாலும் அது வழியை அடைத்தால் வலிதான். பித்தப்பை இல்லாமலும் மனிதர் வாழலாம். ஆகவேதான் கல்லோடு பையையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள்.

கல்லீரலுக்கு நேர் மேலே, வயிற்றுக்குக் கூரைபோலவும் மார்புக்குத் தரைபோலவும் கவிந்திருக்கும் தசைத்தகடு ஒன்று உண்டு. அதுவே உதரவிதானம். அமைதியாக மூச்சு விடும்போது பாதிக்கும் மேற்பட்ட வேலையைச் செய்வது இந்தத் தசைதான். அது சுருங்கிக் கீழே இறங்கும்போது மார்பறை விரிகிறது. காற்று உள்ளே வருகிறது. தளர்ந்து மேலே எழும்போது காற்று வெளியேறுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது கை மேலே எழுகிறது அல்லவா? உதரவிதானம் கீழே தள்ளுவதால் வயிற்றில் உள்ள உறுப்புகள் முன்னே வருகின்றன. ஆகவே ஒவ்வொரு மூச்சுக்கும் வயிற்றுச் சுவர் அசைந்துகொடுத்தே ஆகவேண்டும். அந்தச் சுவரில், விலா எலும்பின் ஓரமாகவே, ஒரு பெரிய காயம் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரிய கீறலும் சிறிய துளைகளும்

பித்தப்பையை முதன்முதலில் அறுத்து எடுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் லாங்கன்புக். ஆண்டு 1882; இடம் பெர்லின். அதன்பின் நூறாண்டுக் காலம் பித்தப்பை அறுவை என்றாலே வயிற்றைத் திறப்பதுதான். 1909-இல் நோபல் பரிசு பெற்ற சுவிஸ் மருத்துவர் கோக்கர் வகுத்த சாய்வுக் கீறல் இதற்குப் பெயர்பெற்றது. வலப்பக்க விலாவின் கீழ் ஒரு சாண் நீளத்துக்குத் தோலையும் அதன் அடியிலுள்ள தசைகளையும் வெட்டித் திறப்பார்கள்.

1985-இல் ஜெர்மனியில் எரிக் மியூஹே என்பவர் வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், குழாய்க் கருவியின் வழியே பித்தப்பையை எடுத்தார். அவருடைய நாட்டு அறுவை மருத்துவர்கள் அன்று அதை மதிக்கவில்லை. 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே வீடியோ காமிராவின் துணையோடு இதைச் செய்த பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. இந்தியாவில் 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உட்வாடியா இம்முறையில் பித்தப்பையை எடுத்தார். லேப்ராஸ்கோப்பி என்று இன்று எல்லாரும் சொல்வது இதைத்தான். வயிற்றில் மூன்று நான்கு துளைகள் போடுவார்கள். பெரிய துளை ஒரு சென்டிமீட்டர் அளவு. மற்றவை அரை சென்டிமீட்டர் அளவு.

"வடு தெரியாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்றுதான் மக்கள் இதைப் புகழ்கிறார்கள். அது உண்மையே. ஆனால் இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

அளந்து பார்த்தால்

உங்களால் முடிந்தவரை மூச்சை இழுத்து, முடிந்தவரை வெளியே ஊதினால் வெளிவரும் காற்றின் அளவை உயிர்ப்புத் திறன் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதை அளப்பது ஸ்பைரோமீட்டர். 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரு வகை அறுவை செய்துகொண்டவர்களின் மூச்சையும் அறுவைக்கு முன்னும் பின்னும் இவ்வாறு அளந்தார்கள். திறந்த அறுவைக்குப் பின் பழைய அளவில் 52 விழுக்காடுதான் இருந்தது. நுண்துளை அறுவைக்குப் பின் 73 விழுக்காடு இருந்தது. ஆய்வு சிறியதுதான், ஆனால் பிறகு பல இடங்களில் செய்த ஆய்வுகளும் இதே பக்கமே சாய்ந்தன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அத்தையின் உயிர்ப்புத் திறன் 3 லிட்டர் என்று கொள்வோம். திறந்த அறுவைக்குப் பின் அது 1.56 லிட்டர், நுண்துளை அறுவைக்குப் பின் 2.19 லிட்டர். வேறுபாடு 630 மில்லிலிட்டர். நாம் சாதாரணமாக இழுக்கும் ஒரு மூச்சு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர். ஆக, ஒரு முழு மூச்சுக்கும் மேலாகவே மிச்சமாகிறது! இழந்ததும் விரைவில் திரும்புகிறது. நுண்துளை அறுவையில் பெரும்பாலும் சில நாள்களிலும், திறந்த அறுவையில் ஒன்றிரண்டு வாரங்களிலும் மூச்சு பழைய நிலையை நெருங்குகிறது.

மூச்சு ஏன் குறைகிறது? வலி ஒரு காரணம். வெட்டுப்பட்ட தசைகள் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் வியப்பானது. மேல்வயிற்று உறுப்புகளைத் தொட்டுக் கையாளும்போது அங்கிருந்து செல்லும் நரம்புச் செய்திகள் உதரவிதானத்தின் வேலையையே அடக்கிவைக்கின்றன. ஆகவே வலி முழுவதும் நீங்கினாலும் உதரவிதானம் உடனே பழைய சுறுசுறுப்புக்குத் திரும்புவதில்லை. நுண்துளை அறுவையிலும் மூச்சு ஓரளவு குறைவது இதனால்தான்.

கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

மூச்சு சற்றுக் குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். தஞ்சைப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. கல்லணையில் காவிரியாகவும் வெண்ணாறாகவும் கல்லணைக் கால்வாயாகவும் பிரியும் நீர், ஆறுகளாக, வாய்க்கால்களாக, கன்னிகளாகக் கிளைத்துக் கிளைத்துக் கடைசி வயலைச் சேர்கிறது. நீர் வரத்துக் குறைந்தால் முதலில் காய்வது எது? தலைமடை வயல் அன்று; தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல்களே.

நுரையீரலும் அப்படித்தான். மூச்சுக்குழல் இருபது தடவைக்கும் மேல் கிளைத்துக் கிளைத்து, கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளில் முடிகிறது. மேலோட்டமான மூச்சில், கீழ்ப்பகுதியிலுள்ள நுண்ணறைகளுக்குப் போதிய காற்று போய்ச் சேருவதில்லை. அவை சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அங்கே இரத்தம் ஓடினாலும் பிராணவாயு கிடைப்பதில்லை. இருமல் என்பது வாய்க்காலைத் தூர் வாருவது போன்றது. இருமுவதற்கு முதலில் ஆழமாக மூச்சிழுக்க வேண்டும். அது முடியாதபோது, அல்லது உறவினர் தடுக்கும்போது, சளி தேங்குகிறது. தேங்கிய இடத்தில் கிருமிகள் பெருகினால் நிமோனியா. நல்லபடியாக முடிந்த அறுவையும் இதனால் கெட்டுப்போகலாம்.

விறகடுப்பு, உமியடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்தவர்களுக்கும் பீடி குடிப்பவர்களுக்கும் நுரையீரல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். முழு மூச்சே 2 லிட்டர்தான் என்றால் அதில் பாதியை இழப்பது சிறிய செய்தி அன்று.

நுண்துளையிலும் ஒரு விலை உண்டு

அப்படியானால் நுண்துளை அறுவை குறையே இல்லாததா? இல்லை. துளை வழியே உள்ளே பார்க்க வேண்டுமானால் வயிற்றுச் சுவரைத் தூக்கி இடம் உண்டாக்க வேண்டும். அதற்காகக் கரியமில வாயுவை, அதாவது கார்பன் டை ஆக்சைடை, வயிற்றுக்குள் செலுத்துகிறார்கள். அழுத்தம் பெரும்பாலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவு. ஏன் இந்த வாயு? அது எரியாது, ஆகவே மின்சாரத்தால் சூடாக்கி இரத்தக் கசிவை நிறுத்தும்போது தீப்பிடிக்காது. இரத்தத்தில் எளிதில் கரையும். நுரையீரல் வழியே வெளியேறிவிடும்.

ஆனால் ஊதிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. இரத்தத்தில் கரைந்த வாயுவை வெளியேற்றும் சுமையும் அதே நுரையீரலின் மேல் விழுகிறது. எனவே மயக்க மருத்துவர் நோயாளியின் சுவாசத்தை எந்திரத்தால் கூட்டி, வெளிவரும் மூச்சில் கரியமில வாயு எவ்வளவு என்று கணந்தோறும் கவனிக்கிறார். திறந்த அறுவையில் சுமை பெரும்பாலும் அறுவைக்குப் பின்னால் வருகிறது. நுண்துளை அறுவையில் ஒரு பகுதி சுமை அறுவையின்போதே வந்து தீர்ந்துவிடுகிறது. முன்னதை நோயாளி தனியே பல நாள் சுமக்க வேண்டும். பின்னதை மயக்க மருத்துவர் பக்கத்திலிருந்து ஓரிரு மணி நேரம் தாங்கிப் பிடிக்கிறார். நுண்துளை முறையின் பெருமை இதுவே என்பேன்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். இந்த அறுவைக்குப் பின் சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். "வயிற்றில்தானே அறுத்தார்கள், தோளில் என்ன?" என்று குழம்புவார்கள். உதரவிதானத்துக்குச் செல்லும் நரம்பு கழுத்திலிருந்து புறப்படுகிறது. தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்தின் அதே பகுதியைச் சேர்ந்தவை. வாயுவால் உதரவிதானம் உறுத்தப்படும்போது, மூளை அதைத் தோளிலிருந்து வந்த செய்தியாக எடுத்துக்கொள்கிறது. ஓரிரு நாளில் இது தானே தணியும்.

பித்தப்பை மிகவும் வீங்கி அக்கம்பக்கத்தோடு ஒட்டிப்போயிருந்தால், துளை வழியே தொடங்கிய அறுவையை நிறுத்தி வயிற்றைத் திறப்பதுதான் அறிவுடைமை. பித்தநீர்க் குழாயைத் தவறி வெட்டிவிடுவதைவிட ஒரு சாண் கீறல் மேலானது. அதைத் தோல்வி என்று யாரும் பழிக்கக் கூடாது. ஆகவே திறந்த அறுவை இன்னும் நம்மோடு இருக்கும். அப்போது அந்த நோயாளியின் மூச்சைக் காப்பது யார்?

அரை மணி நேரம்

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நாம் கருவிகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மூச்சைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மூன்று மருத்துவமனைகளில் 441 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார்கள். எல்லாரும் மேல்வயிற்றில் பெரிய அறுவை செய்துகொண்டவர்கள். ஒரு பிரிவினருக்கு விளக்கக் கையேடு மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கையேட்டோடு, அறுவைக்கு முன் ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம், ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் கற்றுக்கொடுத்தார்கள். முதல் பிரிவில் நூற்றுக்கு 27 பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. இரண்டாம் பிரிவில் 12 பேருக்குத்தான் வந்தது. விலையுயர்ந்த கருவியோ புது மருந்தோ எதுவும் இல்லை. சொல்லிக்கொடுக்க ஓர் ஆள், அரை மணி நேரம்!

"அறுவைக்குப் பிறகு செவிலியர் சொல்லத்தானே செய்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். சொல்கிறார்கள்தான். ஆனால் வலியும் மயக்கமும் கலந்த நேரத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியுமா? நடவு நாளன்றா விதை விடுகிறோம்? நாற்றங்கால் முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும் அல்லவா?

"நெரிசலான மருத்துவமனையில் இதற்கு நேரம் ஏது, ஆள் ஏது?" என்பது இன்னொரு கேள்வி. இது நியாயமான கேள்விதான். ஒரு செவிலியர் எத்தனையோ படுக்கைகளைக் கவனிக்கும் இடம் அது. ஆனால் அடுத்த நாள் அறுவைக்குக் காத்திருக்கும் பத்துப் பேரையும், அவர்களோடு வந்த உறவினரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாமே! ஒருவருக்கு நிமோனியா வந்தால் மருத்துவமனை செலவிடும் நாள்களோடு ஒப்பிட்டால் இந்த அரை மணி மிகச் சிறியது. தஞ்சாவூரில் 1959-லும், திருவாரூரில் 2010-லும், நாகப்பட்டினத்தில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. எட்டாத தூரத்தில் மருத்துவம் இருந்த காலம் டெல்டாவில் பெரும்பாலும் போய்விட்டது. இந்த அரை மணியும் அந்த வார்டுகளுக்குள் வழக்கமாக வரவேண்டும்.

அதோடு, அறுவைக்கு முன் ஒவ்வொருவரின் மூச்சையும் அளந்து நோய்க் குறிப்பில் எழுதவேண்டும், பின்னரும் அளக்கவேண்டும். முன் அளவு தெரியாமல் பின் அளவு குறைந்திருப்பதை எப்படி அறிவது? முன்னும் பின்னும் பார்த்துக் குறித்துவைப்பது நம் ஊருக்குப் புதிதன்று. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள் நோயாளிகளின் கண்களை வரைந்த படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் கிடைத்திருக்கின்றன. இருநூறு ஆண்டுக்கு முன் கண்ணுக்குச் செய்ததை இன்று மூச்சுக்குச் செய்ய முடியாதா?

வயலில் கூலி வேலை செய்பவருக்கு இதில் உள்ள இழப்பு வேறு விதமானது. நிமோனியா வந்து மூன்று வாரம் படுத்தால் ஓர் அறுவடையின் கூலியே போய்விடும். மூச்சு வாங்காமல் குனிந்து நிமிர முடிந்தால்தான் அடுத்த நடவில் அவர் இறங்கலாம். அவரிடம் வடுவின் நீளத்தைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது

ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றில் அரை லிட்டருக்கு ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். நிறைய நீர் ஊற்றி, நீருள்ள பெரிய பாத்திரத்தில் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். ஒரு ரப்பர் குழாயை அதன் வாய்க்குள் நுழையுங்கள். ஆழமாக மூச்சிழுத்துக் குழாயில் ஒரே மூச்சாக ஊதுங்கள். இறங்கிய நீரின் அளவே உங்கள் உயிர்ப்புத் திறன். ஒருவர் ஊதிய பின் குழாயின் நுனியைக் கழுவாமல் அடுத்தவர் ஊதக் கூடாது. பிறகு வயிற்றைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மீண்டும் ஒரு தடவை ஊதிப் பாருங்கள். வேறுபாட்டைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர்களும் உடல்நலம் இல்லாதவர்களும் இதைச் செய்யவேண்டாம்.

வீட்டில் யாருக்காவது வயிற்று அறுவை என்று நாள் குறித்தால், டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "மூச்சை அளந்தீர்களா? மூச்சுப் பயிற்சி என்ன செய்யவேண்டும்?" இதைக் கேட்க நீங்கள் சிறியவர்கள் அல்லர். புகைபிடிப்பவராக இருந்தால் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, பத்து ஆழ்ந்த மூச்சு. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விநாடி உள்ளே நிறுத்தி மெல்ல விடவேண்டும். அறுவைக்கு முன்பே இதை அவரோடு உட்கார்ந்து பழகுங்கள். மூன்று பந்துக் கருவி கொடுத்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பயிற்சி நிற்கவேண்டியதில்லை.

அறுவைக்குப் பின், தலையணை ஒன்றை மடித்துக் காயத்தின் மேல் மெல்ல அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டாக்டர் அனுமதித்தவுடன் கைகொடுத்து எழுப்பி உட்காரவைத்து நடக்கவிடுங்கள். சுற்றி நிற்பவர்கள் தடுத்தால் காரணத்தைப் பொறுமையாக விளக்குங்கள். பிறகு அத்தையிடம், "தலையணையை அணைச்சுக்கிட்டு நல்லா இருமுங்க அத்தை" என்று சொல்லுங்கள்.